பந்தின் முகத்தில் குழி விழுந்த கதை

கோல்ஃப் பந்து கோழிமுட்டை மாதிரி மொழுமொழுவென்று இருந்த அந்தக் காலத்தில் மிருகங்கள் எல்லாம் பேசின. காற்றும் பேசியது. இன்றைக்குப் போல வெறுமனே ஊளையிட்டுக்கொண்டு போகாது. இந்தப் பந்தாட்டத்தை மனிதர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று யாராவது சொன்னால் தலையை ஆட்டிவிட்டு வாருங்கள், நம்பிவிட வேண்டாம். அவர்களுக்கு முன்பே மலையில் அது நடந்துகொண்டிருந்தது. ஒரு வளைந்த குச்சி, ஒரு பந்து, எதிர்மலைப் புல்வெளியில் எலி விட்டுப்போன ஒரு வளை, அவ்வளவுதான் ஆட்டத்துக்கு வேண்டியது. இந்தப் பக்கத்து மொட்டைப் பாறையிலிருந்து பந்தை அடித்து, நடுவே இருக்கிற பள்ளத்தாக்கைத் தாண்டி, அந்த எலி வளைக்குள் போட வேண்டும். குறைந்த அடியில் போட்டவர் வென்றவர்.

வேடிக்கைக்காக ஆடிய ஆட்டம் இல்லை அது. மலையில் யாருக்குள் எந்தத் தகராறு வந்தாலும் கடித்துக்கொள்வதில்லை, முட்டிக்கொள்வதில்லை, பந்தாடித் தீர்த்துக்கொள்வார்கள். தோற்றவர் மறுபேச்சுப் பேசாமல் இடத்தைக் காலி செய்ய வேண்டும். நடுவராக மேல்காற்று இருந்தது. பாரபட்சம் பார்க்காதது மலையில் அது ஒன்றுதான், எல்லாரையும் ஒரே மாதிரி தள்ளிவிடும்.

கேட்பதற்கு நல்ல ஏற்பாடு மாதிரித்தான் இருக்கும். ஆனால் கொம்பையா என்று ஒரு காட்டெருமை இருந்தாரே, அவர் வந்த பிறகு ஏற்பாடு கெட்டுப்போனது. கொம்பையா குச்சியை வாயில் கவ்விக்கொண்டு, அந்தப் பெருங்கழுத்தைத் திருப்பி ஒரு வீச்சு வீசினார் என்றால் பந்து பள்ளத்தாக்கைத் தாண்டி அந்தக் கரையில் விழும். மற்றவர்கள் அடித்த பந்து பள்ளத்துக்குள் விழுந்து, அங்கிருந்து தட்டித் தட்டி மேலே ஏற்றுவதற்குள் அவர் ஆட்டத்தை முடித்துவிட்டு அசைபோட்டுக்கொண்டு நிற்பார். இப்படியே ஒவ்வொருவரையும் ஆட்டத்துக்கு இழுத்து, ஒவ்வொருவர் இடத்தையும் பிடித்தார். வரையாடுகள் புல்வெளியை விட்டுப் பாறை உச்சிக்குப் போனது இவரிடம் தோற்றுத்தான். முயல்கள் முட்புதருக்குள் ஒண்டியதும் அப்படித்தான்.

இத்தனைக்கும் மலைக்காரர்கள் பந்தை மாற்றிப் பார்க்காமல் இல்லை. முதலில் மரக்கட்டையைக் கடைந்து ஆடினார்கள். அடிக்கிற அடியில் குச்சியே உடைந்தது. பிறகு பாம்பு கழற்றிப்போட்ட சட்டைக்குள் காட்டுக்கோழி இறகைத் திணித்துத் திணித்து உருட்டினார்கள். அந்தப் பந்து நன்றாகத்தான் பறந்தது, ஆனால் ஒரு தூறல் விழுந்தால் ஊறிப்போய் வயிறு வெடித்து, ஆடுகளம் முழுக்க இறகு பறக்கும். கடைசியில் பால்மரத்தைக் கீறி, வடிகிற பாலை இறுக்கி உருட்டக் கற்றுக்கொண்டார்கள். மழைக்கு அசையாத பந்து. அதை இலையால் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கிற அளவுக்கு வழுவழுப்பாக்குவது பெரிய பெருமை. வழுவழுப்பு கூடக் கூடத் தூரம் கூடும் என்று ஒரு நம்பிக்கை. யார் சொன்னது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, எல்லாரும் தேய்த்தார்கள், அதனால் எல்லாரும் தேய்த்தார்கள்.

கொம்பையா மட்டும் இதையெல்லாம் பார்த்துச் சிரிப்பார். "பந்துல என்னய்யா இருக்கு? எல்லாம் கழுத்துல இருக்கு" என்பார். வலுத்தவர் சொன்னால் அது ஞானமாகத்தான் கேட்கும்.

அவர் கண் கடைசியாகக் கிழங்குச் சரிவின் மேல் விழுந்தது. அங்கே ஒரு பாறைப் பொந்தில் சிலுப்பி என்கிற முள்ளம்பன்றியும் அவள் புருஷன் சடையனும் இருந்தார்கள். சிலுப்பி வாயாடி இல்லை, ஆனால் கண் கொட்டாமல் பார்க்கிறவள். எதையும் ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்துவிட்டுத்தான் பேசுவாள். சடையன் தங்கமானவன், பயந்தாங்கொள்ளி. எங்கே சருகு அசைந்தாலும் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு பின்பக்கமாகவே பாய்வான். முள்ளம்பன்றி ஜாதியே அப்படித்தான், எதிரிக்கு முகம் காட்டாது, முதுகைத்தான் காட்டும். ஆனால் சடையன் எதிரி இல்லாதபோதும் காட்டுவான். அதனால் அவன் பின்னால் யாரும் உட்காருவதில்லை.

அந்த வருஷம்தான் அவர்களுக்குக் குட்டிகள் பிறந்திருந்தன. முள் இன்னும் இறுகவில்லை, தொட்டால் நாணல்பூப் போல மடங்கும். அந்த நேரத்தில் கொம்பையா வந்து பொந்து வாசலை மறைத்துக்கொண்டு நின்றார்.

"தாயி, எனக்கு இந்தச் சரிவு தேவைப்படுது. மழைக்கு முன்னாடி ஆடி முடிச்சிருவோம்" என்றார்.

குட்டிகளுக்கு முள் இறுகட்டும், மழை கழியட்டும் என்று சிலுப்பி கேட்டுப் பார்த்தாள். ஆட்டத்துக்குக் கூப்பிட்டால் வந்துதான் ஆக வேண்டும் என்பது வழக்கம் என்று கொம்பையா சொல்லிவிட்டார். வழக்கம் அப்படித்தான் இருந்தது. தோற்றால் மழைக்குள் குட்டிகளை இழுத்துக்கொண்டு மலையை விட்டு இறங்க வேண்டும். கீழே சிறுத்தையும் செந்நாயும் இருந்தன. முள் மடங்குகிற குட்டிகள் அங்கே ஒரு பொழுதுகூடத் தாங்காது. அது சிலுப்பிக்குத் தெரியும், கொம்பையாவுக்கும் தெரியும்.

ஆட்டத்துக்குப் பந்து வேண்டுமே. சிலுப்பியும் சடையனும் பால்மரத்தைத் தங்கள் பல்லாலேயே கீறினார்கள். சரசரவென்று தூறல் பிடித்துக்கொண்டதால் பால் நீர்த்து வடிந்தது, இறுகவே மாட்டேன் என்றது. ஆட்டத்தன்று காலையில்தான் ஒருவழியாக உருட்டி முடித்தாள். மேலே பார்க்க நிலா மாதிரி வழுவழுப்பாக இருந்தது. உள்ளே இன்னும் உருட்டிய சூடு ஆறவில்லை, அழுத்தினால் விரல் பதியும். அடிக்கிற நேரத்துக்குள் ஆறிவிடும் என்று கணக்குப் போட்டு, இலையில் பொதிந்து கொண்டுபோனாள்.

மொட்டைப் பாறையில் மலையே கூடியிருந்தது. ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு பேரும் பந்தை மேல்காற்றுக்குக் காட்ட வேண்டும். காற்று ஒருமுறை தடவிப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டால் அந்தப் பந்துதான், அதற்குப் பிறகு மாற்றக்கூடாது. கொம்பையாவின் பந்தைக் காற்று தடவியது, சரி என்றது. சிலுப்பியின் பந்தைத் தடவியது, அதற்கும் சரி என்றது. சிலுப்பி பந்தை இலையோடு பாறை மேல் வைத்துவிட்டுக் குச்சியை எடுக்கப் போனாள். சடையனைப் பந்துக்குக் காவல் நிறுத்தினாள்.

கொம்பையாவுக்கு அந்த நேரத்தில் ஒரு விளையாட்டுத் தோன்றியது. ஓசைப்படாமல் சடையனுக்கு முன்னால் வந்து, மூக்கோடு மூக்கு வைத்துப் 'புஸ்ஸ்' என்று ஒரு சீறல் சீறினார்.

சடையனுக்கு உலகமே இடிந்தது. முள்ளையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு பின்பக்கமாக ஒரு பாய்ச்சல் பாய்ந்தான். பின்னால் இருந்தது பந்து. ஒரு தடவை உட்கார்ந்ததோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. குத்தியது யாரோ என்று பயந்து எழுந்து, திரும்பவும் பாய்ந்து, பந்து உருள உருள அதன் மேலேயே விழுந்து புரண்டான். சிலுப்பி ஓடி வந்து அவனைத் தள்ளிவிட்டுப் பார்த்தபோது பந்தில் வழுவழுப்பான இடம் என்று ஒன்று இல்லை. முகம் முழுக்க அம்மை வார்த்துத் தழும்பேறிய மாதிரி குழி குழியாக இருந்தது. அதற்குள் காலைக் குளிரில் பந்தும் இறுகிவிட்டது. தேய்த்தாலும் மறையாது.

மந்திகள் சிரித்தன. சடையன் முன்னங்கால்களால் முகத்தை மூடிக்கொண்டான். சிலுப்பிக்கு அவனைக் கடித்துக் குதற வேண்டும் போல இருந்தது. ஆனால் அவன் உடம்பு நடுங்குவதைப் பார்த்ததும் அந்தக் கோபம் அங்கிருந்து எழுந்து நேராகக் கொம்பையாவிடம் போனது. இது அவர் செய்த வேலை, வேறு பந்து செய்ய ஒரு நாள் கொடுக்க வேண்டும் என்று கேட்டாள்.

"அது எப்படித் தாயி? காட்டின பந்து காட்டினதுதான்" என்றார் கொம்பையா. "அதுவும் போக, பந்துல என்ன இருக்கு? எல்லாம் கழுத்துல இருக்கு."

வழக்கம் கொம்பையா பக்கம் இருந்தது.

அவர் முதலில் அடித்தார். பளபளவென்று மின்னிக்கொண்டு பந்து சீறிப் போனது. பள்ளத்தாக்கின் நடுவரை சீறல் இருந்தது, பிறகு திடீரென்று அலுத்துப்போய்த் தொப்பென்று இறங்கி, அந்தக் கரையில் நூலிழையில் தப்பி நின்றது. அவர் பந்து எப்போதும் போகிற தூரம்தான். கூட்டம் பெருமூச்சு விட்டது.

சிலுப்பி குச்சியை இரண்டு முன்னங்கால்களாலும் இறுக்கிப் பிடித்து, பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்றாள். வழுவழுப்பான பந்தையே அவளால் பள்ளத்தைத் தாண்டி அடிக்க முடிந்ததில்லை. குட்டிகளை நினைத்துக்கொண்டாள். அடித்தாள்.

பந்து கிளம்பியது சாதாரணமாகத்தான். பள்ளத்துக்கு மேலே போனதும் கீழே இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. யாரோ கையைக் கொடுத்து ஏற்றிவிட்ட மாதிரி இன்னும் கொஞ்சம் மேலே போனது. அங்கிருந்து நேராக, ஆடாமல் அசையாமல், பள்ளத்தைத் தாண்டி, கொம்பையாவின் பந்தைத் தாண்டி, எதிர்மலைப் புல்வெளி நடுவில் பூப்போல இறங்கியது. மந்திகளின் சிரிப்பு பாதியில் நின்றது. சிலுப்பி குச்சியை ஓங்கியபடியே நின்றுகொண்டிருந்தாள். தான் அடித்ததா அது என்று அவளுக்கே சந்தேகம்.

எதிர்மலைக்கு நடந்து போய் இன்னும் சில தட்டுகளில் பந்தை எலி வளைக்குள் போட்டுவிட்டாள். கொம்பையாவின் பந்து அப்போதுதான் புல்வெளிக்கே வந்திருந்தது.

கொம்பையா தோற்றது அதுதான் முதல் தடவை. தோற்றுப் பழக்கம் இல்லாதவர்கள் என்ன செய்வார்களோ அதையே அவரும் செய்தார். இது ஆட்டமே இல்லை, காற்றுக்கும் முள்ளம்பன்றிக்கும் ஏதோ உள்ஏற்பாடு இருக்கிறது, காற்றுதான் பந்தைத் தூக்கிக்கொண்டு போனது என்று கத்தினார்.

"ஆமா, தூக்குனேன்" என்றது மேல்காற்று. "இத்தனை காலமும் நீங்க அடிச்ச பந்தெல்லாம் வழவழன்னு வந்துச்சு. பிடிக்க எடமில்லாம என் கையில இருந்து வழுக்கி விழுந்துச்சு. இந்தப் பந்துலதான் நான் விரல் வைக்க எடம் இருக்கு. யாரு அடிச்சாலும் இதைத் தூக்குவேன். நீ அடிச்சாலும் தூக்குவேன்."

அந்தக் கடைசி வார்த்தை கொம்பையாவின் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் சிலுப்பியைப் பார்த்தார். பந்துகளை மாற்றிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆடுவோமா என்று கேட்டார். பந்துதான் ஜெயித்தது, நீ ஜெயிக்கவில்லை என்றார். வென்றவர் சம்மதித்தால்தான் மறு ஆட்டம், முடியாது என்று சொல்ல அவளுக்கு முழு உரிமை இருந்தது. சடையன் அவள் காதருகே வந்து, வேண்டாம், வீட்டுக்குப் போவோம் என்று கெஞ்சினான்.

சிலுப்பி யோசித்தாள். வேண்டாம் என்று போனால் இன்றைக்குப் பொந்து மிஞ்சும். அடுத்த வருஷம் இவரே ஒரு பந்தில் குழி போட்டு எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நிற்பார். அப்போது என்ன செய்வது? கொம்பையாவின் கழுத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக அவர் ஆடுவதைப் பார்த்திருக்கிறாள். அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு அடி. மெதுவாக அடிக்க வேண்டிய தேவையே அவருக்கு வந்ததில்லை, அதனால் அது தெரியாது.

"மாத்திக்கிருவோம் அண்ணே" என்றாள். "ஆனா நான் ஜெயிச்சா வரையாட்டுக்கும் முயலுக்கும் மத்த எல்லாத்துக்கும் புல்வெளியைத் திறந்து விடணும். அதுக்கப்புறம் எடத்துக்காக யாரையும் நீங்க ஆட்டத்துக்குக் கூப்பிடக்கூடாது."

கொம்பையா சரி என்றார். அவருக்குக் குழிப்பந்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. பொழுது சாய்வதற்குள் பந்தை வளைக்குள் போட வேண்டும், இரண்டு பேரும் போட்டால் குறைந்த அடி வெல்லும், பந்தைத் தொலைத்தவருக்கு வேறு பந்து கிடையாது என்று காற்று விதியை ஒருமுறை சொல்லிவிட்டு ஒதுங்கியது.

திரும்பவும் மொட்டைப் பாறைக்கு வந்தார்கள். கொம்பையா குச்சியைக் கவ்வினார், கால்களை ஊன்றினார், கழுத்தைப் பின்னால் முழுக்கத் திருப்பினார். தன் ஆயுளில் அடிக்காத அடியாக ஒன்று அடித்தார்.

குழிப்பந்து பள்ளத்தாக்கைத் தாண்டியது. புல்வெளியைத் தாண்டியது. எலி வளைக்கு மேலே, எங்கோ உயரத்தில், அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது. எதிர்மலையின் உச்சியையும் தாண்டி, மேகத்துக்குள் நுழைந்து, ஒரு புள்ளியாகி, இல்லாமலே போனது. எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். அவ்வளவு அழகான அடியை அந்த மலை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கொம்பையாவின் முகத்தில் பெருமை பொங்கியது. பந்து எங்கே என்று ஒரு முயல் கேட்டபோதுதான் அவர் பெருமை மெல்ல வடிந்தது.

ஆனால் ஆட்டம் இன்னும் முடியவில்லை. சிலுப்பி தன் பந்தை வளைக்குள் போட்டால்தான் வெற்றி, பொழுதோ இறங்கிக்கொண்டிருந்தது. அவள் முன்னால் இருந்தது கொம்பையாவின் பளபளக்கிற பந்து. அந்த மாதிரிப் பந்தை அவளுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து அதோடுதான் ஆடியிருக்கிறாள், அது எங்கே விழும், எங்கே வழுக்கும், எந்தப் புல்லில் நிற்கும் என்று அத்தனையும் தெரியும். அடித்தாள். பந்து வழக்கம்போலப் பள்ளத்துக்குள் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை.

அவள் பள்ளத்துக்குள் இறங்கினாள். அவளோடு மலையே இறங்கியது. பாறை இடுக்கிலிருந்து பந்தைத் தட்டி எடுத்தாள். ஓடைக்கரைச் சேற்றில் ஒரு தட்டு, வேரில் முட்டி ஒரு தட்டு, சரிவில் உருண்டு திரும்பி வந்தால் மறுபடி ஒரு தட்டு. வரையாடுகள் பாறை உச்சியிலிருந்து இறங்கி வந்து வழியில் நின்ற முட்செடியைத் தின்று ஒதுக்கின. ஆட்டம் செல்லாமல் போய்விடும் என்று அடிக்கிற இடத்தில் கால் வைக்க மட்டும் யாரும் துணியவில்லை. சடையன் வாய்விட்டு அழுதுகொண்டே கூட வந்தான். சிலுப்பிக்குத் தோள் இற்றுப்போனது. ஆனாலும் மனசுக்குள் ஒரு சந்தோஷம் ஊறிக்கொண்டே இருந்தது, ஒவ்வொரு தட்டுக்கும் அது கூடியது. எதிர்மலையில் ஏறி நின்றபோது சூரியன் உச்சி விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

எலி வளை எதிரே இருந்தது. நடுவில் ஒரு சின்ன ஏற்றம். பலமாகத் தட்டினால் வழுவழுப்பான பந்து வளையைத் தாண்டி வழுக்கும், மெதுவாகத் தட்டினால் ஏறாமல் திரும்பும். சிலுப்பி குனிந்து பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். தட்டினாள். பந்து ஏற்றத்தின் மேல் வந்து நின்று, என்ன செய்யலாம் என்று கொஞ்சம் யோசித்து, உருண்டு, வளைக்குள் விழுந்தது.

அந்த மலையில் அன்றைக்கு எழுந்த சத்தம் கீழ்நாட்டில் இடி என்று கேட்டதாம். வரையாடுகள் புல்வெளியில் குதித்தன. முயல்கள் முட்புதரை விட்டு வெளியே வந்து, நடுவெளியில், பயமில்லாமல் உட்கார்ந்தன. சடையன் முள்ளைச் சிலிர்த்துக் கலகலவென்று ஆட்டினான், அந்தத் தடவை பயத்தில் அல்ல. சிலுப்பிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

கொம்பையா மட்டும் மேகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "அந்தப் பந்துதான் தாயி என்னைக் கவுத்துருச்சு" என்றார்.

"பந்துல என்ன அண்ணே இருக்கு?" என்றாள் சிலுப்பி.

அவர் திரும்பிக் காட்டுக்குள் போனார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சரி, அந்தக் குழிப்பந்து என்ன ஆனது? மேல்காற்றுக்கு அதை விட மனசு வரவில்லை. பிறந்ததிலிருந்து கையில் நிற்காமல் வழுக்கிய பந்துகளையே பார்த்த காற்று அது, விரல் வைக்க இடம் கிடைத்தால் விடுமா? மலை தாண்டி, கடல் தாண்டி, குளிர்ந்த புல் முளைக்கிற ஒரு தூர தேசம் வரை தூக்கிக்கொண்டு போய், அங்கே மொழுமொழு பந்தை அடித்து அடித்து அலுத்துப்போயிருந்த மனிதர்களின் காலடியில் போட்டது. அவர்கள் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அடித்துப் பார்த்தார்கள். அதன் பிறகு அவர்கள் பழைய பந்தைத் தொடவில்லை.

இன்றைக்கும் கோல்ஃப் ஆடுகிறவர்கள் கடையில் நின்று, எந்தப் பந்து நல்லது, பந்தால் ஏதாவது ஆகுமா, எல்லாம் அடிக்கிற கையில்தானே இருக்கிறது என்று பொழுது போவது தெரியாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பந்தையும் அடித்து இரண்டிலும் ஜெயித்தவள் கிழங்குச் சரிவில் இருந்தாள், அவளிடம் கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை. ஆனால் சடையன் பயந்து பின்பக்கமாகப் பாய்ந்தானே, அந்தக் காலையிலிருந்துதான் கோல்ஃப் பந்துக்கு முகமெல்லாம் குழி. அந்தக் குழிகளில் விரலை வைத்துத்தான் காற்று இன்றும் அதைத் தூக்கிக்கொண்டு போகிறது.